பேரப்பிள்ளைகளுக்காக ஒரு கொள்முதல்

வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் ஒரு பாடமாவது பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் கணக்கையும் பிரெஞ்சையும் மகள் எடுத்துக்கொண்டாள். தமிழ் ஆயாவுக்கு. மிச்சமிருந்த ஓவியம் எனக்கு வந்து சேர்ந்தது. "நீங்கள்தான் நன்றாகக் கோடு போடுவீர்களே அப்பா" என்றாள். பதிவேடுகளில் சிவப்பு மையால் கோடு போட்டதைத்தான் சொல்கிறாள்.

மருமகனுக்கு வேலை பிரான்சில், அதுவும் ஊர் ஊராக மாற்றல். இரண்டு ஆண்டு பிள்ளைகளோடு புதுச்சேரியில் இருந்துவிட்டு வருகிறேன் என்று மகள் வந்தாள். இடையில் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்து, பிறகு மறுபடி பிரெஞ்சுக்கு மாற்றினால் பிள்ளைகள் குழம்பிப் போவார்கள் என்பதால் அஞ்சல்வழிக் கல்விதான் என்று முடிவாயிற்று. சி.என்.இ.டி. என்ற அந்த நிறுவனத்தைப் பற்றி நம் ஊர் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். 1939 இறுதியில், போரினால் பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. இப்போது பாடமெல்லாம் கணினி வழியாகவே வருகிறது. பெரியவனுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஆறு.

சின்னவளுக்கு ஓவியம் சொல்லித்தர ஒன்றுமில்லை. எந்தக் காகிதம் கிடைத்தாலும் வரைவாள், மின்கட்டண ரசீதின் பின்பக்கம் உட்பட. பெரியவன் விஷயம் வேறு. பென்சிலைக் கையில் கொடுத்தால், பெயரையும் ஊரையும் சொல்வது போன்ற சாதாரணக் குரலில், "எனக்கு வரைய வராது" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவான். முன்பு படித்த ஒரு பள்ளியில் பிள்ளைகளின் படங்களைத் தரவாரியாகச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். இவனுடையது கடைசி வரிசையாம். அதை என்னிடம் சொன்னவள் மகள். அவனாக ஒருநாளும் சொன்னதில்லை.

"கணினி என்றால் உட்காருவான். படம் வரையும் மென்பொருள் ஏதாவது பார்த்து வையுங்கள்" என்றாள் மகள். இப்படித்தான் எழுபது தாண்டிய வயதில் என்னிடம் ஒரு கொள்முதல் கோப்பு வந்தது.

அரசுப் பணியில் ஒரு நாற்காலி வாங்குவதாக இருந்தாலும் மூன்று விலைப்புள்ளி கேட்டு, ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்து, குறைந்த விலைக்காரருக்கு ஆணை கொடுப்போம். இங்கே அந்த முறை முதல் நாளே படுத்துவிட்டது. விசாரித்தவற்றில் நல்லவை எல்லாமே இலவசம். எல்லாரும் சுழியம் ரூபாய் என்று விலை போட்டால் குமாஸ்தா என்ன செய்வான்? எதற்காக வாங்குகிறோம் என்பதையே யோசித்தாக வேண்டியிருந்தது.

அந்த யோசனைக்கு ஒரு பழைய புத்தகம் உதவியது. லூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் 1927-இல் குழந்தைகள் வரைவதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதற்கு முன்பே, 1913-இல், தம் சொந்த மகளின் படங்களை வைத்தே ஓர் ஆய்வு வெளியிட்டவர் அவர். சின்னப் பிள்ளைகள் கண்ணால் காண்பதை வரைவதில்லை, தங்களுக்குத் தெரிந்ததை வரைகிறார்கள் என்பது அவர் கண்டது. எங்கள் சின்னவளின் ஆட்டோவைப் பார்த்தால் புரியும். உள்ளே நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். தகட்டுக் கதவையும் தாண்டி எட்டுக் கால்களும் தெரிகின்றன, ஆயாவின் பையில் இருக்கும் கத்தரிக்காய்கூடத் தெரிகிறது. கால் இருப்பது அவளுக்குத் தெரியும், அதனால் வரைந்தாள்.

எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் பிள்ளைக்குக் கண் மாறுகிறது. பார்ப்பது போலவே தாளில் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறது. கை அந்த அளவுக்குப் பழகியிருக்காது. தன் படம் தப்பாக இருப்பது அதற்கே தெரிந்துவிடும். அந்த வயதில்தான் நிறையப் பேர் பென்சிலைக் கீழே வைக்கிறார்கள். வைத்தவர்களில் எத்தனை பேர் மறுபடி எடுத்தார்கள்? இதைப் படிக்கும் உங்களையே கேட்டுப் பாருங்கள், கடைசியாக ஒரு மாடு வரைந்தது எந்த வயதில்?

ஆகவே எனக்குத் தேவை ஒரு பொருள் அல்ல, இரண்டு. சின்னவளுக்கு, அவள் வேலையைத் தானே செய்துவிடாத ஒன்று. பெரியவனுக்கு, பிறர் பார்க்காமல் தப்புப் போட்டுப் பழக இடம் தரும் ஒன்று.

முதலில் தள்ளுபடி செய்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். கைபேசியில் "குழந்தைகளுக்கான ஓவியம்" என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வரும். ஒரு வாரம் அவற்றோடு மல்லுக்கட்டினேன். பாதியில் விளம்பரம் வந்து நிற்கிறது. சிலவற்றில் சிவப்பும் பச்சையும் இலவசம், நீலம் வேண்டுமென்றால் பணம் கட்டு என்கிறது. மிகப் பிரபலமான வகை ஒன்று உண்டு. கட்டத்துக்குள் 1, 2, 3 என்று எண்ணிட்டிருக்கும், விரலால் தொட்டால் அந்த எண்ணுக்குரிய வண்ணம் தானாக நிரம்பும், கடைசியில் அற்புதமான மயில் ஒன்று வந்து நிற்கும். பிள்ளை என்ன வரைந்தது? அது படிவம் நிரப்புவது. முப்பத்தைந்து ஆண்டு ஊராரைப் படிவம் நிரப்பச் சொன்னவன் நான், எனக்கா தெரியாது?

ஐபேட் வைத்திருப்பவர்கள் புரோகிரியேட் என்ற ஒன்றைப் புகழ்கிறார்கள். ஒருமுறை பணம் கட்டினால் போதுமாம். அதற்கு முதலில் ஐபேட் வேண்டும். ஜிம்ப் என்பது நல்ல மென்பொருள்தான், ஆனால் புகைப்படத்தைத் திருத்துபவர்களுக்கு உரியது. இன்க்ஸ்கேப்பில் கோட்டைப் போட்டபின் புள்ளி புள்ளியாக இழுத்து வளைக்க வேண்டும். சுவரொட்டி, சின்னம் செய்பவர்களுக்குச் சரி.

விண்டோஸ் கணினியிலேயே இருக்கும் பெயிண்ட்டை நாம் எல்லாரும் அறிவோம். 1985-இல் வந்த முதல் விண்டோஸிலிருந்தே கூட வருவது. 2017-இல் அதற்கு ஓய்வு கொடுக்கப்போவதாகச் செய்தி வந்து, உலகம் முழுக்க ஆட்சேபம் எழுந்து, வைத்துக்கொண்டார்கள். ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்கு அதன்மேல் ஒரு பரிவு உண்டு. ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது தோதுப்படவில்லை. பொத்தான்கள் பொடிப்பொடியாக இருக்கின்றன. படத்தைச் சேமிக்கும்போது பெயர் என்ன, எந்த உறையில் வைக்க என்று கேள்வி கேட்கிறது. சின்னவள் தோன்றிய விசையை அழுத்துவாள்; படம் எங்கேயோ போய்விடும்; அழுகை.

இந்தத் தொல்லை பழையது. 1980-களின் இறுதியில் அமெரிக்காவில் கிரெய்க் ஹிக்மன் என்ற கலைப் பேராசிரியர், தம் மூன்று வயது மகன் பெரியவர்களுக்கான வரைகலை மென்பொருளோடு திண்டாடுவதைப் பார்த்துவிட்டு, அவனுக்காகவே ஒன்றை எழுதினார். கிட் பிக்ஸ் என்று பெயர். 1989-இல் இலவசமாகவே கொடுத்தார். பிறகுதான் அது விற்பனைக்கு வந்து புகழ் பெற்றது. குழந்தைக்கு வேறு மாதிரிக் கருவி வேண்டும் என்று கணினிக்காரர்களுக்குப் புரியவைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதே தடத்தில் 2002-இல் பில் கென்ட்ரிக் என்பவர் தொடங்கியது டக்ஸ் பெயிண்ட். சின்னவளுக்கு நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான். மூன்று வயது முதல் பன்னிரண்டு வரை என்று அவர்களே சொல்கிறார்கள். பத்து வயதுக்காரன் அதைப் பார்த்து "பாப்பா விளையாட்டு" என்றுவிட்டான்.

இலவசம், விளம்பரம் கிடையாது, ஒருமுறை இறக்கிவிட்டால் இணையமும் தேவையில்லை. பழைய கணினியிலும் ஓடுகிறது. இடப்பக்கம் பெரிய பெரிய பொத்தான்கள், நடுவில் தாள், வலப்பக்கம் தூரிகைகள், கீழே ஒரு பென்குயின் நின்றுகொண்டு இப்போது என்ன செய்யலாம் என்று ஒரு வரி சொல்லும். சேமிக்கும்போது பெயர் கேட்பதில்லை. பிறகு திறந்தால் வரைந்தவை எல்லாம் குட்டிக் குட்டிப் படங்களாக வரிசையில் நிற்கும். எழுதத் தெரியாத பிள்ளையும் தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளலாம். இத்தனை ஆண்டு கோப்பு அறையில் இருந்தவன் சொல்கிறேன், பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கோப்புமுறை நான் பார்த்ததில்லை.

மொழியை மாற்றும் வசதியும் உண்டு. பிரெஞ்சு இருக்கிறது, தமிழும் இருக்கிறது. காலையில் பாட நேரத்தில் பிரெஞ்சு, சாயங்காலம் ஆயாவோடு உட்காரும்போது தமிழ் என்று வைத்திருக்கிறோம். பொத்தானில் இருக்கும் சொல்லை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். தமிழ் வாத்தியாருக்கு ஒரு படி வேலை மிச்சம்.

பெரியவர்களுக்கென்று தனியாக ஓர் அமைப்புப் பலகை வருகிறது. அதை ஒருதரம் பொறுமையாகப் பாருங்கள். ஒலியை நிறுத்தலாம், அதன் சத்தம் பகல் தூக்கத்துக்கு ஆகாது. ஒருமுறை அச்சடித்தபின் மறுபடி அச்சடிக்க இத்தனை வினாடி ஆக வேண்டும் என்று தடை போடலாம். அச்சுப் பொறி மையின் விலை தெரிந்த எந்த ஓய்வூதியரும் இதைப் படித்தவுடன் செய்துவிடுவார். ஒரே பூனை எங்கள் வீட்டில் பதினொரு பிரதி வெளியாயிற்று.

ஆயத்தப் படங்கள் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன். நாய், பூ, மரம், கார் என்று பிள்ளை அழுத்தினால் தாளில் வந்து ஒட்டிக்கொள்ளும் முத்திரைகள் இதற்கு ஏராளமாக உண்டு. கணினிக்கு அவை தனிப் பொதியாக வருகின்றன. அதை நான் இறக்கவில்லை. அழகான நாய் ஒன்று ஒரே அழுத்தில் வருமென்றால், எட்டுக் கால் தெரியும் ஆட்டோவை யார் வரைவார்கள்? மகள் கொஞ்சம் முனகினாள். நான் விடவில்லை.

இருந்தும் ஒரு தகராறு வந்தது. டக்ஸ் பெயிண்ட்டில் மாயக் கருவிகள் என்று ஒரு பகுதி: மழை, செங்கல், வானவில், புல். அதில் ஒன்று, ஒரு பக்கம் கோடு இழுத்தால் மற்றப் பக்கங்களிலும் தானே அதே கோட்டைப் போடும். சின்னவள் ஒரு சுழி சுழித்தாள், திரை முழுக்கக் கோலம். "ஆயா, உன்னைவிடச் சீக்கிரம் போட்டுட்டேன்" என்று ஓடினாள். என் துணைவியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. புள்ளி எங்கடி?" என்றார்.

அடுத்த அரைமணி நேரம் இருவரும் முற்றத்தில். ஐந்து புள்ளி, இடையில் நான்கு, பிறகு மூன்று. புள்ளியைச் சுற்றிக் கோடு எங்கே திரும்ப வேண்டும் என்று விரலால் காட்டிக் காட்டி. எடுத்த கோடு தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும், இல்லையென்றால் எங்கேயோ ஒரு திருப்பம் தப்பு. மாவு என்பதால் தப்பைக் காலால் தேய்த்துவிடலாம், ஆனால் தப்பு எங்கே என்று தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும். அதன்பின் சின்னவளே திரையிலும் முதலில் புள்ளி வைத்துவிட்டுத்தான் கோடு போடுகிறாள். மாயக் கருவியையும் விட்டுவிடவில்லை. அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும். ஆறு வயதில் அது நியாயம்தான்.

பெரியவனுக்கு வருகிறேன். அவனுக்கு கிரிட்டா. தொழில்முறை ஓவியர்களே பயன்படுத்தும் மென்பொருள் என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். பாப்பா விளையாட்டு இல்லை என்பதே அவனுக்குப் பாதி மருந்து. இதுவும் இலவசம். ஒரு தகவல்: விண்டோஸ் கடையில் இதையே காசுக்கு விற்கிறார்கள், அந்தக் காசு அதை உருவாக்குபவர்களுக்குப் போகிறது. அதன் சொந்தத் தளத்தில் இறக்கினால் ஒன்றும் கட்ட வேண்டாம். இரண்டும் முறையான வழிகள்தான், அவரவர் மனசு. பழைய கணினியில் கொஞ்சம் திணறும். பட்டிகளும் பலகைகளும் ஏராளம். முதல் நாளே நான் பென்சில், தூரிகை, அழிப்பான் தவிர மற்றப் பலகைகளை மூடி வைத்துவிட்டேன்.

கிரிட்டாவில் அவனுக்கு ஒத்துவந்தது அடுக்குகள் என்ற வசதி. நான் சில ஆண்டு நில அளவைப் பிரிவில் இருந்தேன். அங்கே புலப்படத்தின்மேல் கண்ணாடி போன்ற டிரேசிங் தாளை வைத்து நகல் எடுப்போம். கீழே இருப்பது கெடாது, மேலே எத்தனை தாள் வேண்டுமானாலும் வைக்கலாம். அதேதான் இது. முதலில் தாளில், பென்சிலால், எப்படி வருகிறதோ அப்படி வரை என்றேன். அதைக் கைபேசியில் படம் பிடித்துக் கீழடுக்காக வைத்துவிட்டு, அதன்மேல் இன்னொரு அடுக்கில் திருத்தி வரையச் சொன்னேன். பிறகு கீழடுக்கை மறைத்துவிட்டால் கோணல் கோடுகள் காணாமல் போகும். தாளில் வரைந்ததை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை என்று ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தின் பேரில்தான் பென்சிலைத் தொட்டான்.

எதை வரைவது என்பதில் கறாராக இருந்தேன். இணையத்தில் இருக்கும் படத்தைப் பார்த்து வேண்டாம், எதிர்வீட்டு மாடி முகப்பைப் பார்த்து வரை என்றேன். நம் பழைய தெருக்களில் அந்த மாதிரி இரும்புக் கம்பி முகப்புகளுக்குப் பஞ்சமில்லை. எங்கள் காலத்தில் ஓவிய மேத்ர் மேசைமேல் ஒரு குடத்தை வைத்துவிட்டுப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வார். பத்து நிமிடம் கிரெயோனைத் தொடக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும். கோம் என்கிற அழிரப்பர் அவர் மேசையில் ஒன்றே ஒன்று இருக்கும். வேண்டுமானால் எழுந்து போய் வாங்கி வர வேண்டும். நாற்பது பையன்கள் பார்க்க நடந்து போவதற்குப் பயந்து, கோட்டைப் போடுமுன் நன்றாகப் பார்ப்போம். நல்ல முறை என்று அதைச் சொல்ல மாட்டேன். அந்த நடையே சில பையன்களை வரைதலிலிருந்து விரட்டியது எனக்குத் தெரியும்.

கணினியில் இதற்கு நேர் எதிர்த் தொல்லை. கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தினால் கடைசிக் கோடு மறைந்துவிடும். பெரியவன் ஒரே கம்பியை நாற்பது தடவை போட்டுப் போட்டு அழித்தான். போடும்போதே இடக்கை விசைமேல் தயாராக இருக்கும். எதிர்வீட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னோக்கி எத்தனை படி போகலாம் என்பதை கிரிட்டாவின் அமைப்பில் குறைத்து வைக்க முடியும். பேச்சுவார்த்தைக்குப் பின் ஐந்து என்று முடிவு செய்தோம். அவன் கேட்டது ஐம்பது, நான் சொன்னது மூன்று. நடுங்கும் கோட்டைத் தானாக நேராக்கித் தரும் வசதியும் அதில் உண்டு. அதையும் நிறுத்திவைத்தேன். கொஞ்சம் நடுங்கினால் என்ன? என் கையெழுத்தும் இப்போது நடுங்குகிறது, வங்கியில் ஏற்றுக்கொள்ளத்தான் செய்கிறார்கள்.

மூன்று வாரம் அந்த மாடி முகப்போடு கிடந்தான். ஒருநாள் சாப்பிடும்போது, "தாத்தா, எதிர்வீட்டில் மொத்தம் பதின்மூன்று கம்பி. ஒன்று வளைந்திருக்கிறது" என்றான். ஐம்பது ஆண்டாக அந்த வீட்டைப் பார்க்கிறேன். எழுந்து போய் எண்ணினேன். பதின்மூன்றுதான்.

படம் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். கதவு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. கம்பிகள் நன்றாக இருக்கின்றன, குறிப்பாக அந்த வளைந்த கம்பி. பாடத்தோடு சேர்த்து அதை அனுப்பலாமா என்று மகள் கேட்டபோது பதில் சொல்லவில்லை. மறுநாள் அவனே அனுப்பியிருந்தான். திருத்தி வந்த குறிப்பில், கம்பிகளைக் கவனித்து வரைந்திருக்கிறாய், அவற்றின் நிழல் சுவரில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார், என்று எழுதியிருந்தார்கள். இரண்டு தடவை படித்தான். நாலு மணி வெயிலில் வாசலில் போய் நின்றுகொண்டான்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. மௌஸால் வரைவது உலக்கையைப் பிடித்துக்கொண்டு கோலம் போடுவது போலத்தான். பேனா மாதிரிப் பிடித்து வரையும் பலகை சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. ஆனால் கை மேசையில் இருக்க, கோடு திரையில் விழும். அது பழகச் சில நாள் ஆகும் என்கிறார்கள். கடையில் போய்ச் சோதித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்பது என் கருத்து. பெரியவன் அதற்குள் மூன்று கடை விலையையும் எழுதி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு என் மேசைமேல் வைத்துவிட்டான். கோப்பு நிலுவையில் இருக்கிறது.